தென்காசியில் மேகக் கணிமை

தென்காசியில் மேகக் கணிமை என்பது தமிழ்நாட்டின் தென்காசி, குற்றாலம் பகுதியில் 2011 முதல் நடைபெற்றுவரும் இணையவழி மென்பொருள் உருவாக்கத்தைக் குறிக்கும். சோகோ நிறுவனம் அவ்வாண்டில் தென்காசியில் ஒரு சிறிய அலுவலகத்தைத் திறந்தது. பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறையில் அதன் வளாகம் அமைந்தது. இங்கு உருவானவற்றுள் வாடிக்கையாளர் உதவிக்கான சோகோ டெஸ்க் முதன்மையானது. இது திறந்த மூல மென்பொருள் அன்று. எனினும் திறந்த மூல மென்பொருள்கள் இன்றி இன்றைய மேகக் கணிமை இயங்காது.

மேகம் என்ற பெயருக்கும் குற்றாலச் சாரலுக்கும் தொடர்பில்லை. வலையமைப்பு வரைபடங்களில் இணையத்தை முகில் வடிவில் வரையும் வழக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது.

பின்னணி

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. வேளாண்மையும் சுற்றுலாவும் இப்பகுதியின் முக்கியத் தொழில்கள். 1996இல் தொடங்கி, அட்வென்ட்நெட் என்ற பெயரில் இயங்கிய நிறுவனமே 2009இல் சோகோ ஆயிற்று. அதன் நிறுவனர்களுள் ஒருவரான சிறீதர் வேம்பு 2019இல் மத்தளம்பாறைக்குக் குடிபெயர்ந்தார். பட்டப்படிப்பு இல்லாத இளைஞர்களுக்கு உதவித்தொகையுடன் நிரலாக்கம் கற்பிக்கும் சோகோ பள்ளியும் இங்கு இயங்குகிறது.

சிற்றூரில் இத்தொழில் நடப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. மேகக் கணிமையில் மென்பொருள் பயனரின் கணினியில் நிறுவப்படுவதில்லை. தரவு மையங்களிலுள்ள வழங்கிகளில் இயங்குகிறது. சோகோவின் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. நிரல் எழுதுபவர் வழங்கியின் அருகில் இருக்க வேண்டியதில்லை. நம்பகமான இணைய இணைப்பும் மின்சாரமும் இருந்தால் போதும்.

திறந்த மூலத்தின் பங்கு

உலகின் பெரும்பாலான மேக வழங்கிகள் லினக்சு இயங்குதளத்தில் இயங்குகின்றன. சோகோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பல, போசுட்கிரெசு என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தைத் தம்முடன் கொண்டுள்ளன. 2023இல் வெளியான உலா உலாவி குரோமியத்தின் மூல நிரலின் மீது கட்டப்பட்டது.

அவ்வாறெனில் இவற்றின் மூல நிரலையும் வெளியிட வேண்டாமா என்ற வினா எழும். விடை உரிமத்தில் உள்ளது. குரோமியம், போசுட்கிரெசு ஆகியவற்றின் உரிமங்கள் அவ்வாறு கோருவதில்லை. லினக்சின் உரிமமான குனூ பொது உரிமம் கோருகிறது. ஆனால் மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது மட்டுமே. மேகக் கணிமையில் பயனருக்குச் சேவை மட்டுமே கிடைக்கிறது, மென்பொருள் கைமாறுவதில்லை. எனவே அக்கடப்பாடு எழுவதில்லை. இவ்விடைவெளியை அடைப்பதற்காகவே 2007 நவம்பரில் குனூ அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியானது. மாற்றியமைத்த மென்பொருளை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூல நிரல் கிடைக்க வேண்டும் என்பது அதன் விதி.

இச்சிக்கல் இன்னும் ஓயவில்லை. ரெடிசு தரவுத்தளம் 2024 மார்ச்சில் திறந்த உரிமத்தைக் கைவிட்டது. உடனே பங்களிப்பாளர்கள் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளையைத் தொடங்கினர். 2025 மே மாதத்தில் ரெடிசு அஃபெரோ உரிமத்துக்குத் திரும்பியது.

பராமரிப்பு

உருவாக்குவதைவிடப் பராமரிப்பதே கடினமானது. வழுக்களைப் பதிவு செய்தல், திருத்தங்களைச் சரிபார்த்தல், பழைய பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுதல் ஆகியவை முடிவற்ற பணிகள்; இவற்றுக்குப் புகழும் குறைவு. 2021 திசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது உலகெங்கும் மேகச் சேவைகள் அவசரமாகத் திருத்தப்பட்டன. அந்நிரலகத்தைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்கள். கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் அவர்களை அதுவரை பொருட்படுத்தவில்லை என்பது நியாயமான குறைகூறலே.

தமிழ்நாட்டில் திறந்த மூலத்திலேயே மேகக் கணிமைத் தொகுப்பு உருவாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. சென்னை சி-டாக் உருவாக்கிய மேகதூத் அத்தகையது. இந்திய லினக்சு வழங்கலான பாசு உருவாக்கத்திலும் அம்மையமே ஈடுபட்டது. தென்காசி மாணவர் ஒருவர் சோகோ டெஸ்க்கின் நிரலைப் படிக்க அந்நிறுவனத்தில் சேர வேண்டும். லினக்சு, போசுட்கிரெசு ஆகியவற்றின் நிரலை வீட்டிலிருந்தே படிக்கலாம். வழு கண்டால் திருத்தமும் அனுப்பலாம்.