கை என்னும் ஆயுதம்

பயில்வானுக்குத் தற்காப்பு உரிமை உண்டா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். மெலிந்தவனுக்கு உள்ள உரிமை வலியவனுக்கும் உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்பதில்தான் வம்பும் வழக்கும்.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குப் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். களமிறங்கும் மாடுபிடி வீரர்களை மருத்துவர் சோதிப்பார். குடித்திருப்பவருக்கு அனுமதி இல்லை. எத்தனை பரிசு வாங்கியவராயினும் சரி, திரும்பிப் போக வேண்டியதுதான். வலுவும் போதையும் ஒரே உடம்பில் சேரலாகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

அந்த நியாயம் மதுக்கூடத்தின் வாசலில் நிற்பதில்லை. 2017 செப்டம்பரில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், நள்ளிரவு தாண்டிய வேளையில் கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் தெருச் சண்டையில் இறங்கினார். எதிரே நின்ற ஒருவருக்குக் கண்குழி எலும்பு முறிந்தது. குடித்தது உண்மை, நிதானம் தவறவில்லை. என்னையும், ஏசப்பட்ட இருவரையும் காக்கவே அடித்தேன் என்றார் அவர். 2018 ஆகஸ்டில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். ஆயினும் அதற்குள் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் தொடர் அவர் இல்லாமலே முடிந்துவிட்டது. ஆட்டத்தின் பெயரைக் கெடுத்ததற்காகக் கிரிக்கெட் ஒழுங்குக் குழு 30,000 பவுன் அபராதமும் விதித்தது. நீதிமன்றம் கேட்ட கேள்வி வேறு. ஆட்டக்களம் கேட்ட கேள்வி வேறு.

நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இரண்டு வேலிகள் போட்டது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்பது ஒன்று. தானே விரும்பிக் குடித்தவன், 'போதையில் செய்துவிட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது என்பது மற்றொன்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்விரு வேலிகளையும் பிடுங்கவில்லை.

மூன்றாவது வேலியை ஒரு பழைய வழக்கு காட்டிற்று. 1988 டிசம்பரில், பாட்டியாலாவில், வண்டியை நகர்த்துவது பற்றிய தகராறில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயது முதியவர் ஒருவரை அடித்தார், முதியவர் இறந்துபோனார். அங்கே மது இல்லை, கோபமே போதுமானதாக இருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடித்தது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் மறுபடி யோசித்து ஓராண்டுச் சிறை விதித்தது. குத்துச்சண்டைக்காரரோ, மல்லரோ, கிரிக்கெட் வீரரோ ஓங்கினால் வெறுங்கையும் ஆயுதமாகலாம் என்பது அது கண்ட நியாயம்.

நான் கதை எழுதுகிறவன். எங்கள் கதைகளில் வீரன் ஓங்கும் கை எப்போதும் தர்மத்துக்காகவே ஓங்கும். தெருவில் அப்படி இல்லை. முதல் அடி தற்காப்பாக இருக்கலாம். எதிரி பின்வாங்கிய பிறகு விழும் அடிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள நொடியைக் கண்டுகொள்ளத் தெளிந்த புத்தி வேண்டும். முதல் கோப்பையை எடுக்கும்போதே அதைப் பணயம் வைக்கிறோம். பல்லாண்டு பயின்று கையை ஆயுதமாக்கிக் கொண்டவன், அதற்கு உறையையும் தானே தேடிக்கொள்ள வேண்டும்.