ஹீமோஃபிலியா நாய்களில் கல்லீரல் மாற்று

காரணி 8 என்னும் உறைவுப் புரதம் குறைந்து இரத்தம் உறையாத நாய்களுக்கு நலமுள்ள நாயின் கல்லீரலைப் பொருத்திய ஆய்வுகள். இந்நோயுள்ள குட்டி துள்ளி விளையாடினாலே மூட்டில் இரத்தம் கட்டி, வீங்கி, நொண்டும். அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் 1947 முதல் இத்தகைய நாய்களை ஆய்வுக்காக வளர்த்தனர். அறுவையின்போது குருதி நிற்க, காரணியை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். புதுக் கல்லீரல் வேலைசெய்யத் தொடங்கியதும் உடல் தானே அதைச் சுரக்கும். அறுவை மருத்துவர் மார்க்கியோரோவின் குழு 1969-இல் இம்முடிவை வெளியிட்டது. அக்காரணியைச் சுரப்பது பெரும்பாலும் கல்லீரலின் நுண்குழல்களை உள்ளே போர்த்திய செல்களே என்பது பின்னாளில் தெளிவானது. மனிதருக்கும் இம்மாற்று பலித்தது. ஆயினும் ஹீமோஃபிலியாவுக்காக மட்டும் கல்லீரலை மாற்றுவது மிகையான வைத்தியம். அதற்கு மாற்று வழியாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் ஐவரின் சொந்தக் குருதித் தண்டணுக்களிலேயே காரணி 8-க்கான மரபணு சேர்க்கப்பட்டது.