சிங்கி இறால்: கடலிலும் சமையலறையிலும்

ஆங்கிலத்தில் லாப்ஸ்டர் எனப்படுவதை நம் கடற்கரை ஊர்களில் சிங்கி இறால் என்றும் கல் இறால் என்றும் அழைக்கிறோம். பெயரில் இறால் இருந்தாலும் இது தனி இனம். இறால், நண்டு ஆகியவற்றைப் போல ஓடும் பத்துக் கால்களும் உள்ள உயிரினம்.

ஹோட்டல் விளம்பரங்களில் பெரிய கொடுக்குகளுடன் காட்டப்படுவது வட அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் வகை. நம் கடலில் பிடிபடும் சிங்கிக்கு அந்தக் கொடுக்குகள் கிடையாது. நீண்ட, முள் நிறைந்த உணர்கொம்புகளே அதன் ஆயுதம். அவற்றின் அடிப்பகுதியை உரசி கரகரவென்று சத்தமும் எழுப்பும். பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, இரவில் சிப்பி, நத்தை போன்றவற்றைத் தேடி வெளியே வரும். இதன் இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு கலந்த நிறமி உள்ளதால் அது சிவப்பாக இருக்காது. ஓடு வளராது என்பதால் அவ்வப்போது பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டுக்கு மாறும். வேகவைத்தால் சிவப்பாவது ஏன்? ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருக்கும் சிவப்பு நிறமி, சூட்டில் விடுபட்டு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைச் சாப்பிடக் கூடுமா? ஷாஃபிஈ மத்ஹபில் நீரில் மட்டுமே வாழும் கடல் உயிரினங்கள் ஆகுமானவை. சிங்கி இறாலும் அதில் அடங்கும். ஹனஃபி மத்ஹபில் கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீனா இல்லையா என்பதில் ஹனஃபி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கூடும் என்றவர்கள் ஒருவகை மீனாகக் கருதியே அனுமதித்தார்கள். பெயரில் இறால் இருக்கிறது என்பதற்காக அந்த அனுமதி சிங்கிக்குத் தானாக வந்துவிடாது. இரண்டு மத்ஹபினரும் சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்களில் விருந்துக்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. ஹனஃபியான மருமகனின் தட்டில் வைத்துவிட்டுப் பிறகு சங்கடப்பட வேண்டியதில்லை.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் இதை இறாலாகவே எண்ண வேண்டும். இறால் அல்லது நண்டு சாப்பிட்டு உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தவர்களுக்குச் சிங்கியும் ஆபத்தாகலாம். மூன்றிலும் ஒத்த புரதம் இருக்கிறது; எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. குழந்தைகளுக்கு “கொஞ்சம் ருசி பார்க்கட்டும்” என்று கொடுத்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு நல்ல உணவு. புரதம் நிறைய, கொழுப்பு மிகக் குறைவு. வெண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் கொட்டிச் சமைத்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

செத்த சிங்கியின் சதை வேகமாகக் கெட்டுவிடும். அதனால் உயிருள்ளதை வாங்குங்கள்; தூக்கினால் வாலை உள்ளே மடக்கி அடிக்க வேண்டும். இதை அறுக்க வேண்டிய அவசியம் இல்லை என்றாலும், கொதிநீரில் உயிரோடு போடுவதை மனம் ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்து 2018ல் அதற்குத் தடையே விதித்தது. ஐஸ் கலந்த தண்ணீரில் நன்றாக மரத்துப்போக வைத்து, பிறகு தலையை நீளவாக்கில் ஒரே வெட்டாகப் பிளப்பது மேல். வால் சதையின் நடுவில் ஓடும் குடலை உருவி எறியுங்கள். சதை வெண்மையானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதிகம் வெந்தால் ரப்பர்தான்.

குட்டிச் சிங்கிகளை வாங்காதீர்கள். இந்தியாவில் ஏற்றுமதிக்கு 2003ல் குறைந்தபட்ச எடை நிர்ணயிக்கப்பட்டது: நம் பக்கம் அதிகம் கிடைக்கும் ஒரு வகைக்கு 200 கிராம், பெரிய வகைக்கு 500 கிராம். உள்ளூர்ச் சந்தையில் அதைவிடச் சிறியதும் வருகிறது. வாலின் அடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும் பெண் சிங்கியும் வரும். புதிய முட்டை ஆரஞ்சு நிறம், பொரிக்கும் காலம் நெருங்கினால் பழுப்பு. ஒரு கொத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றிலிருந்து வரும் கண்ணாடி இலை போன்ற குஞ்சுகள் பல மாதங்கள் கடலில் மிதந்து அலைந்த பிறகே சிங்கி உருவம் பெறுகின்றன. அதற்குள் பெரும்பாலானவை இரையாகிவிடும். முட்டையோடு வலையில் வந்ததை உயிரோடு கடலில் விட்டுவிடும் மீனவர்களும் இருக்கிறார்கள். வாங்க ஆளில்லை என்றால் இன்னும் பலர் விடுவார்கள்.