பாகீரதியில் மிதந்த ஸ்லீப்பர் கட்டைகள்

கங்கோத்ரி யாத்திரை போகும் நம் தமிழன்பர்கள் பெரும்பாலும் ஹர்சிலில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் அவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கொஞ்சம் நின்று ஆற்றைப் பாருங்கள். சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் பாகீரதி அகலமாக, கூழாங்கல் மேடுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. மழைக்காலம் போய்விட்டால் ஆழம் அதிகமில்லை. சுக்கி என்ற ஊரைத் தாண்டியதும் அதே ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே தலைகுப்புற விழத் தொடங்கும். மேலே ஆழமில்லை, கீழே அமைதியில்லை. இந்த ஆற்றில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவதாருக் காடே இறங்கிப் போனது.

மரத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டியதை வெளியே கொண்டுவருவதுதான் காரியம். நம்ம ஆனைமலையில் யானை இருந்தது. மலை மேட்டிலிருந்து தடிகளைச் சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப் சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாகீரதிக் கரையில் சாலையும் கிடையாது, அந்தச் செங்குத்தில் யானையும் நிற்காது. மிச்சமிருந்தது ஆறு ஒன்றுதான்.

அதை வியாபாரமாக்கிக் காட்டியவர் ஃபிரெடரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர். ஹர்சிலில் குடியேறி, பக்கத்து முக்பா கிராமத்துப் பெண்ணை மணந்து, 1850களில் திஹ்ரி அரசரிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்தார். ‘பஹாடி வில்சன்’ என்று இன்றும் கதை சொல்கிறார்கள். 1883இல் இறந்த அவருடைய கல்லறை முசூரியில் இருக்கிறது. அவரைப் பற்றிய கதைகளில் பாதி கட்டுக்கதை என்பது என் எண்ணம். ஆனால் மரம் ஹரித்வார் போய்ச் சேர்ந்தது கதையல்ல. 1860களின் நடுவில் வடமேற்கு மாகாண அரசே அந்தக் குத்தகையைக் கையில் எடுத்துக்கொண்டது.

எப்படி இறக்கினார்கள்? முழுத் தடியைப் பாறை ஆற்றில் விட்டால் முதல் வளைவிலேயே குறுக்கே சிக்கிக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி மலையாகக் குவியும். அதனால் மரம் விழுந்த இடத்திலேயே ஆள்குழி ரம்பத்தால் அறுத்துக் கட்டைகளாக்கினார்கள். ஒன்பது பத்து அடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குல கனம். சுமார் ஐம்பது கிலோ எடையுள்ள இந்தக் கட்டையை ஓர் ஆள் முதுகில் சுமக்கலாம். சரிவில் கட்டைகளையே தொட்டிபோல அடுக்கிச் சறுக்குப் பாதை போட்டார்கள். மலைப்பக்கத்தில் அதற்குப் பாத்ரு என்று பெயர். தண்ணீர் கிடைத்தால் பாதையை நனைத்துவிடுவார்கள், கட்டை வேகமாக வழுக்கும். கிளை ஓடைகளில் நீர் போதாவிட்டால் சின்ன அணை கட்டித் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள்.

பருவமழை வெள்ளத்தில் விட்டால் கட்டை காணாமல் போகும். மழை ஓய்ந்து நீர் வடிந்த பிறகுதான் மிதக்கவிடுவார்கள். இமயத்து ஐப்பசி, கார்த்திகைக் குளிர் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் இறங்கி, மேட்டில் தட்டிய கட்டையைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது ஆட்களின் வேலை. பஞ்சாபை நோக்கி இறங்கும் ஆறுகளில் காற்று ஊதிய எருமைத்தோல்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கட்டைகளை ஓட்டிப் போவார்கள். சிக்கிய குவியலில் ஒரு கட்டையை உருவினால் மொத்தமும் அவிழும். உருவியவன் கரையேற வேண்டுமே! வில்சனுக்குக் கதைகள் உண்டு. இந்த ஆட்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு எட்டவில்லை.

தேவதாரு தானே மிதக்கும். தேக்கு அப்படியல்ல. பச்சைத் தேக்குத் தடி தண்ணீரில் மூழ்கிவிடும். ஆகவே நிலம்பூர்ப் பக்கத்தில் மரத்தின் பட்டையை அடியில் வளையமாகக் கொத்தி, நின்றபடியே ஓரிரு ஆண்டு காயவிட்டு வெட்டினார்கள். பிறகு மூங்கிலோடு சேர்த்துக் கட்டிச் சாலியாற்றில் கடல் வரை அனுப்பினார்கள்.

இத்தனை பாடும் யாருக்காக? ரயிலுக்காக. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் தேவை. ஒரு நடுத்தர மரத்தில் மூன்று முதல் ஐந்து கட்டைகள்தான் தேறும். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டன. வடக்கே தேவதாருவுக்கும் சால் மரத்துக்கும் அதே கதிதான்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. எந்தக் காடு அழிய வேண்டும் என்று தீர்மானித்தது கோடரியல்ல, ஆறு. கட்டையை மிதக்கவிடும் நீருக்கு எட்டிய சரிவுகள் முதலில் மொட்டையாயின. உள்ளே எட்டாத காடு பிழைத்தது. ஆற்றங்கரைச் செங்குத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வேர்களே முதலில் போயின என்று இதற்குப் பொருள்.

1962 போருக்குப் பிறகு சாலைகள் வந்தன. ஆறு எட்டாத காட்டையும் லாரி எட்டியது. 1970 ஜூலையில் அலக்நந்தா வெள்ளம். மேலே காடு வெட்டியதையும் கீழே வந்த வெள்ளத்தையும் சண்டி பிரசாத் பட்டும் நண்பர்களும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். 1973இல் மண்டல், 1974இல் ரேணி என்று சிப்கோ பிறந்தது. 1981இல் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. 2005இல் திஹ்ரி அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. இனிமேல் கட்டையை விட்டாலும் ஹரித்வார் போகாது. ரயில் பாதைக்கும் கான்கிரீட் கட்டை வந்தாயிற்று.

அந்தக் காலத்துச் சட்டம் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு வியாபாரியும் முத்திரைச் சுத்தியலால் தன் கட்டையில் அடையாளம் அடிப்பார். அடையாளம் அழிந்து கரையொதுங்கியது யாருடையது? 1927 வனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பதில் சொல்கிறது: உரிமையை ஒருவர் நிரூபிக்கும் வரை அது அரசின் சொத்து.

2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலுக்குப் பக்கத்திலுள்ள தராலியைச் சேறும் பாறையும் மூடின. ஹர்சிலில் ஆறு தேங்கி ஏரியாக நின்றது. அடுத்த மாதம் இமாசல வெள்ளத்தில் ஏராளமான தடிகள் மிதந்து வந்த படங்களைப் பார்த்து, இவை எங்கே வெட்டப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது.