‘செக்’: அரசன் முதல் காசோலை வரை

வங்கியில் கொடுப்பது செக். சட்டைத்துணியின் கட்டமும் செக். மாநில எல்லையில் லாரியை நிறுத்துவது செக்போஸ்ட். போட்டியாளரை மடக்கிய தலைவர் ‘செக் வைத்தார்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தொடர்பற்றவையாகத் தோன்றும் இப்பொருள்கள் அனைத்திற்கும் வேர் ஒன்றே: அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்னும் பாரசீகச் சொல்.

இந்தியச் சதுரங்கம் பாரசீகத்தில் வேரூன்றியபின், எதிரியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா’ என்று கூறி எச்சரிப்பது ஆட்ட மரபாயிற்று. அரபியர் வழியே ஐரோப்பாவை அடைந்த அச்சொல் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றும், ஆங்கிலத்தில் ‘செக்’ என்றும் திரிந்தது. அரசனுக்கு ஆபத்து வந்தால் மற்றத் திட்டங்கள் நின்றாக வேண்டும். ஆகவே ‘தடுத்தல்’ என்னும் பொருள் பிறந்தது. தவறைத் தடுக்கச் சோதித்தல் தேவை. அதிலிருந்து ‘சரிபார்த்தல்’ வந்தது.

ஆட்டப் பலகை வேறு வழியில் சென்றது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசனுக்குரிய வருவாயை ஷெரிஃப்புகள் ஒப்படைக்கும்போது, 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையில் கோடிட்ட துணியை விரித்து, காய்களை வைத்துக் கணக்கிட்டனர். சுழியமில்லாத ரோமானிய எண்களின் குறையை அத்துணியின் பத்திகள் ஈடுசெய்தன. சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் அரசின் கருவூலத்திற்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயராயிற்று. கருவூலரும் ஷெரிஃப்பும் எதிரெதிரே மோதும் ஆட்டமாகவே இக்கணக்குத் தீர்ப்பை அக்காலக் கருவூலர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் வருணித்தார். கட்டம்போட்ட துணியின் பெயரும் அப்பலகையின் வழி வந்ததே.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது பணம் தரும் தாளன்று. மோசடியைக் கண்டறிய வைத்துக்கொண்ட அடிக்கட்டை. பின்னரே தாளுக்கு அப்பெயர் வந்தது. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் எக்ஸ்செக்கரின் சாயல் படிந்தது; அமெரிக்கர் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டனர்.

இதற்கிடையே ‘ஷா’ இந்தியாவுக்கும் திரும்பியிருந்தது. இந்தியில் ‘ஷஹ்’ என்பது சதுரங்கத்தில் அரசனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. ‘ஷஹ் தேனா’ என்றாலோ மறைவாகத் தூண்டிவிடுதல். ஆங்கிலத்தில் தடுப்பதாக மாறிய சொல், இங்கே ஏவிவிடுவதாயிற்று.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 6ஆம் பிரிவில் காசோலைக்கு இலக்கணம் வகுத்தது. பணமின்றித் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு, 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. இன்று அதற்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட காசோலையை ஈடாகக் கொடுத்துக் கடன் பெறும் எளியவர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. காசோலை திரும்பினால் முதலில் வருவது அறிவிப்பு. அது கைக்குக் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். பாரசீக ஆட்டக்காரர் அரசனுக்கு விடுத்த அதே எச்சரிக்கை, இப்போது கடனாளியின் முகவரிக்குத் தபாலில் வருகிறது.