புதினாவும் பழந்தேறலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வருவது எங்கள் வவுணதீவு. கதிரவன் மறையும் திசையில் இருப்பதால் இக்கரைக்குப் படுவான்கரை என்று பெயர். நெல்லும் தயிரும் காட்டுத் தேனும் இம்மண்ணின் செல்வங்கள். கசிப்பு இம்மண்ணின் துயரம். இங்கே இருந்துகொண்டு குடிவகைகளின் வரலாற்றைப் பேசுவது எளிதன்று. ஆயினும் அதைத் தவிர்த்துவிட்டுச் சங்க இலக்கியத்தைக் கற்பிக்கவும் என்னால் இயலாது.

நம் முன்னோர் மதுவை வெறும் போதைப் பொருளாகக் காணவில்லை. அதன் மணத்தையும் நிறத்தையும் முதிர்ச்சியையும் நுணுகி நோக்கினர். நெடிய மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படை காட்டுகின்றது. இஞ்சிப் பூ விரவிய மாலை சூட்டி, சந்தனம் பூசிய மதுச்சாடியைப் பதிற்றுப்பத்தின் நாற்பத்திரண்டாம் பாட்டிலே பரணர் வருணிக்கிறார். யவனர் நல்ல கலங்களிலே கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகின்றது. ஆகவே, கடல் கடந்து வந்த மதுவும் தமிழருக்குப் புதியதன்று.

கடல் கடந்து சென்ற ஒரு சொல்லின் கதையும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே புதினா இலையிட்டு அருந்தும் மதுக்கலவைக்கு 'மின்ட் ஜூலெப்' என்று பெயர். பாரசீக மொழியிலே 'குல்' என்றால் ரோசா, 'ஆப்' என்றால் நீர். நாம் உண்ணும் குல்கந்திலே இருப்பதும் அதே 'குல்'தான். அந்தக் 'குலாப்' அரபு மொழிக்குச் சென்று 'ஜுலாப்' ஆயிற்று. ஐரோப்பிய மருத்துவர் கையிலே அது கசப்பு மருந்தை உட்கொள்ள உதவும் இனிப்புப் பாகாயிற்று. மருந்தின் பெயர் மதுவுக்கு வந்தது பின்னாளிலே. வர்ஜீனியர் காலை வேளையிலே புதினா கலந்த மதுவை அருந்துவர் என்று 1803இல் வெளிவந்த ஒரு பயண நூல் கூறுகின்றது. கென்டக்கியின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம் 1938 முதல் அதனைத் தன் பானமாக ஏற்றுக்கொண்டது.

செய்முறை எளியது. எட்டுப் பத்துப் புதினா இலைகளைக் குவளையில் இட்டு, ஒரு தேக்கரண்டி சீனியும் சிறிது நீரும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். இலையை நசுக்கிக் கூழாக்கினால் கசப்பு இறங்கிவிடும். பின்பு, சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடித்த பேர்பன் விஸ்கி அறுபது மில்லிலீற்றர் ஊற்றி, நொறுக்கிய ஐஸை நிரப்பி, மேலே ஒரு புதினாக் கொத்தைச் செருகுவார்கள். அருந்துபவன் நாவுக்கு முன்னே நாசிக்கு விருந்து கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கியூபா நாட்டவர் றம்மும் தேசிச்சாறும் சோடாவும் சேர்த்து, 'மொஹிட்டோ' என்று வேறொரு புதினாக் கலவை செய்தனர்.

நம் வீட்டுக்கு ஏற்ற மாற்றம் ஒன்றும் உண்டு. மதுவை விலக்கி இளநீர் ஊற்றுங்கள். சீனிக்குப் பதிலாகக் காட்டுத் தேன். ஒரு சிறு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு, அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். பரணர் பாடிய சாடியின் இஞ்சி வாசம் சிறிதளவு அதிலே வந்து சேரும்.

அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டை வகுப்பிலே நடத்தும் வேளையில் நான் சற்றுத் தயங்குவதுண்டு. சிறிதளவு கள் கிடைத்தால் பாணர்க்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் உடனிருந்து பகிர்ந்துண்பான் என்று அவனை நினைந்து அழுகிறாள் அவள். கேட்டிருக்கும் பிள்ளைகளில் சிலருக்கோ, கள் என்ற சொல் அடுப்பெரியாத வீட்டை நினைவூட்டும். அவர்களுக்கு நான் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். பெற்ற தாய் முன்னும் முகம் சுளிக்க வைக்கும் செயல் என்று வள்ளுவர் அதனை இடித்துரைக்கிறார்.

இரண்டும் நம் இலக்கியமே. ஔவை புகழ்ந்தது பகிர்ந்த கையை. வள்ளுவர் கடிந்தது தன்னை மறந்த மனிதனை. கசிப்புப் போத்தலிலே பகிர்வும் இல்லை, மணமும் இல்லை. நம் பிள்ளைகள் பழந்தமிழரின் தேறலைத் தமிழாகச் சுவைக்கட்டும். அவர்களின் குவளையிலே இளநீரும் புதினாவும் இருந்தால் போதும்.