'மீன்' என்பது யாரைக் குறித்த சொல்?

தோழர்களே, 'ஹீ இஸ் ஸோ மீன்' என்று நாமும்தான் அன்றாடம் சொல்கிறோம். கடலில் நீந்தும் மீன் அல்ல, ஆங்கில உரிச்சொல். கஞ்சன், அற்பன், ஈவிரக்கமில்லாதவன் என்று இடத்துக்கேற்பப் பொருள். (சராசரியைக் குறிக்கும் 'மீன்' வேறு வேரிலிருந்து வந்தது, அதை விடுவோம்.) இது வசவான கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பொருள் 'பொதுவானது, பலருக்கும் உரியது' என்பதுதான். 'காமன்', 'கம்யூனிசம்' ஆகிய சொற்களைத் தந்த லத்தீன் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. எவ்வளவு நல்ல வேர்! பொதுவானது பொதுமக்களுடையது ஆனது. பொதுமக்கள் என்றால் தாழ்ந்த குடி. 14ஆம் நூற்றாண்டில் 'மீன்' என்றால் தாழ்குடிப் பிறப்பு. பல தலைமுறை கழித்தே கஞ்சத்தனமும் கீழ்க்குணமும் அதில் ஏறின. பிறப்பைச் சொன்ன சொல் குணத்தைச் சொல்லத் தொடங்கியது. உழைத்தவர்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிட்டார்களா என்ன? சொல்லை ஆண்டவர்கள் மேலே இருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்ச்சொல்லைப் பாருங்கள்: 'ஜெனரஸ்'. லத்தீனில் இதற்கு 'உயர்குடியில் பிறந்த' என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அதேதான். கொடைக்குணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இங்கிலாந்து உயர்குடியின் கொடை எப்படிப்பட்டது? 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் போட்டார்கள். ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்தவெளி வயலும் வேலிக்குள் போயின. ஊர்ப் பொதுவில் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய ஏழை வெளியே நின்றான். வேலி போட்டவன் 'ஜெனரஸ்', நிலமிழந்தவன் 'மீன்'!

தகுதிநிலைச் சொற்கள் இப்படிக் குணச்சொற்களாக மாறுவதை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியான 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் எடுத்துக்காட்டினார். அவர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்தவர். அவர் கண்ணுக்கே பட்டிருக்கிறது.

இதே ஆங்கிலம் நம்மிடமிருந்தும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. பறை என்ற கருவியின் பெயரோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயர் அங்கே 'பரையா' ஆகி, ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் கொண்டது. உலகம் ஒதுக்கிய நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று இன்றைக்கும் நாளேடுகள் கூசாமல் எழுதுகின்றன. எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது உயிரோடிருக்கும் மக்களின் பெயர் என்று தெரியும்?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வேறு பெயர் தேடவில்லை. முகப்பில் 'பறையன்' என்றே அச்சிட்டார்.